லகூன்தானே, ஸ்நார்கெல்தானே: ஒரு நிகழ்வு ஆய்வு

காற்று பேருக்குத்தான். தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. அப்படியொரு காலையில் லகூனுக்குள், அதாவது பவளத்திட்டு அணைபோட்ட ஆழமற்ற கடல்நீருக்குள், ஸ்நார்கெல் என்ற மூச்சுக்குழாயை வாயில் கடித்து முகம் கவிழ்த்து மீன் பார்த்துக்கொண்டிருந்த 56 வயதுப் பெண்மணி ஒருவரை, முப்பத்தைந்து நிமிடம் கழித்து பவளத்திட்டுக்கு வெளியே, ஆழ்கடலில், லகூனின் திறப்பிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் தள்ளி, படகில் தூக்கிப் போட்டோம். உதடு நீலம் பாரித்திருந்தது. இருமலோடு இளஞ்சிவப்பு நுரை வந்தது. பிழைத்துவிட்டார், மூன்றாம் நாள் நடந்து ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தார். அன்றைக்கு டைவ் வழிகாட்டியாக இருந்தவன் நான்.

பத்துப் பன்னிரண்டு பேரிடம் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லிக் கதை மழுங்கிவிடும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நேரக் கணக்குக்கு என் டைவ் கம்ப்யூட்டரின் பதிவும், படகோட்டியின் கைபேசியில் இருந்த படங்களும் உதவின. தண்ணீரில் இருந்த மூவரையும் தனித்தனியே உட்கார வைத்துப் பேசினேன். தீவின் பெயர் வேண்டாம். இதே அமைப்பு உள்ள லகூன்கள் வெப்பக்கடல் எங்கும் இருக்கின்றன.

இடம்

மூன்று கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம் உள்ள லகூன். கிழக்கே தீவு. தெற்கிலும் மேற்கிலும் வளைந்து கிடக்கும் பவளத்திட்டு. ஓதம் (கடல்மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம்) ஏறியிருக்கும்போது அதன் முகட்டில் இடுப்பளவுக்கும் குறைவாகத் தண்ணீர் நிற்கும். வடக்கே ஒரே ஒரு திறப்பு. 80 மீட்டர் அகலம், 8 மீட்டர் சராசரி ஆழம். இந்தத் திறப்பை நாங்கள் வாய் என்போம். வாய்க்கு உள்ளே 250 மீட்டரில் படகு கட்டும் மிதவை, அதையொட்டி இரண்டு பவளக் குன்றுகள். அங்கே ஆழம் நான்கு மீட்டர். ஸ்நார்கெலுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. குழந்தைகளைக்கூட இறக்கியிருக்கிறோம்.

வாய் டைவிங்குக்குப் பேர்போனது. ஓதம் ஏறும்போது வெளிக்கடலின் தெளிந்த நீர் வாய்வழியாக உள்ளே பாயும். அந்த நேரம் பார்த்து வெளியே இறங்கினால், கால் அசைக்காமலே சுவரோரமாக மிதந்து லகூனுக்குள் வந்து சேரலாம். பசிபிக் கடலில் இருக்கும் ரங்கிரோவா பவளத்தீவின் திபுத்தா வாயில் உலகமெங்கிலும் இருந்து வந்து டைவ் செய்வது இந்த இலவசச் சவாரிக்காகத்தான். எங்கள் வாய் அதன் சின்னத் தம்பி.

அன்று படகில் மொத்தம் எட்டுப் பேர். ஆறு விருந்தினர், ஒரு படகோட்டி, நான். ஆறில் மூன்று பேர் ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டர் கட்டி ஆழத்தில் இறங்குபவர்கள். மற்ற மூவர் ஸ்நார்கெல்: ஒரு தம்பதி, தனியாக வந்த ஓர் இளைஞர். ஸ்கூபா மூவரும் முந்தைய நாளே மருத்துவப் படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஸ்நார்கெல் மூவரிடம் காலணி அளவு மட்டும் கேட்டிருந்தோம், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) எடுத்து வைப்பதற்காக.

நடந்தது

ஓத அட்டவணைப்படி ஏற்றத்தின் உச்சம் 11:20. ஆகவே பத்து மணிக்கு வாயில் நீர் உள்நோக்கிப் பாய வேண்டும். 9:35க்கு மிதவையில் கட்டினோம். படகின் மூக்கு லகூனைப் பார்த்துத் திரும்பி நின்றது. கட்டிய படகு நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்கும் என்பது டைவ் பள்ளிக்கூடத்தின் அரிச்சுவடிப் பாடம். அப்படியென்றால் நீர் லகூனுக்குள் இருந்து வாயை நோக்கிப் போகிறது. ஆனால் தீவுப் பக்கமிருந்து மெல்லிய காற்றும் அடித்தது, முகத்தில் பட்டால் தெரியும் அளவுக்கு. காற்றுதான் படகைத் திருப்பியிருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

படகோட்டிப் பையன் வாயைப் பார்த்தபடியே சொன்னான்: "அண்ணா, வாயில தண்ணி கொதிக்குது. வெளிய போற மாதிரி இருக்கு."

"இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம் ஏத்தம் இருக்குடா. காத்துக்கு அப்படித் தெரியும்" என்றேன்.

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அது அநியாயம். நான் அவன் முதலாளியின் ஆள், அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவன், கையில் அட்டவணை வைத்திருந்தேன். அவன் சொன்னதே பெரிது.

9:55க்கு ஸ்நார்கெல் மூவரும் இறங்கினார்கள். இளைஞர் மிதவைச் சட்டை போட்டிருந்தார். அதில் ஒரு விசில் தொங்கியது. கணவர் வேண்டாவெறுப்பாகப் போட்டுக்கொண்டார். அந்த அம்மா, "எனக்கு நீச்சல் நல்லாத் தெரியும் தம்பி, இது எதுக்கு, கழுத்த உறுத்துது" என்று திருப்பிக் கொடுத்தார். வாங்கிப் பலகைக்குக் கீழே வைத்தேன். குன்றுகளை விட்டுப் போகாதீர்கள், நாற்பது நிமிடத்தில் வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு, படகை அவிழ்த்துக்கொண்டு வாய்க்கு வெளியே போனோம். அவர்களைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. படகு டைவர்களின் குமிழியைத் தொடர வேண்டும் என்பது விதி. ஸ்நார்கெல் மூவருக்கு விதி எதுவும் இல்லை.

10:02க்கு நால்வரும் வெளிச்சுவரில் இறங்கினோம். பதினான்கு மீட்டரில் வாயின் முனைக்கு வந்தபோது மீன்களைப் பார்த்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட மஞ்சள்கோட்டுக் கீளி, அணிவகுப்பில் நிற்பதுபோல் ஒரே திசை நோக்கி, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு. எல்லாம் லகூனைப் பார்த்து நின்றன. மீன் கூட்டம் ஓட்டத்தை எதிர்த்துத்தான் முகம் வைக்கும். கடல்விசிறிகள் வெளிக்கடல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. மணல் துகள்கள் என் முகமூடியைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தன. அட்டவணையை அங்கே யாரும் படித்திருக்கவில்லை.

இறங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. டைவை ரத்து செய்தேன். பாறையைப் பிடித்துக்கொள்ளச் சைகை காட்டினேன், எல்லோரின் காற்றளவையும் பார்த்தேன், 10:09க்கு படகுக்குத் தெரிய ஆரஞ்சு மிதவைக் குழலை மேலே விட்டேன். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். அந்த ஆழத்துக்கும் அந்த நேரத்துக்கும் அது நல்ல பழக்கம், கட்டாயம் அல்ல, நிற்காமல் வந்திருக்கலாம். 10:15க்கு மேற்பரப்பு. ஒழுங்காகச் செய்த ரத்து என்று அன்று மாலைவரை மனதுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வாயில் நீர் வெளியே பாய்கிறது என்று மீன்கள் சொன்னதை என்னோடு இருந்த மூவருக்கு மட்டும் பொருத்திப் பார்த்தேன். வாய்க்கு அந்தப் பக்கம் இன்னும் மூன்று பேர் மிதக்கிறார்கள் என்பது அந்தப் பத்து நிமிடமும் என் தலையில் ஏறவே இல்லை.

அதே பத்து நிமிடத்தில் உள்ளே நடந்ததை அந்த அம்மா சொன்னபடி எழுதுகிறேன். ஒரு பெரிய கிளிமீன், பச்சையும் நீலமும். பாறையைக் கடித்துச் சுரண்டும் சத்தம் தண்ணீருக்குள் கறுக் கறுக்கென்று கேட்டதாம். கடிக்கும், இரண்டு வால்வீச்சு நகரும், மறுபடி கடிக்கும். வாலுக்குப் பின்னால் பொடிமணல் புகைபோல் கொட்டும். (கடற்கரையில் நாம் அள்ளி விளையாடும் வெள்ளை மணலில் ஒரு பங்கு இந்த மீனின் குடல் வழியாக வந்ததுதான்.) "அது பின்னாலேயே போனேன். காலே அசைக்கல. யாரோ தள்ளிவிட்ட மாதிரி சுகமா இருந்துச்சு." நிமிர்ந்து பார்த்தபோது மிதவை எங்கோ சின்னதாகத் தெரிந்தது. திரும்பி அதை நோக்கி நீந்தத் தொடங்கினார். நேர் எதிராக. முழு மூச்சாக. நாலைந்து நிமிடம். கீழே இருந்த பாறை நகரவே இல்லை, பிறகு பின்னோக்கி நகர்ந்தது. ஒருமுறை பவளத்தின் மேல் நிற்கப் பார்த்திருக்கிறார். முழங்காலிலும் உள்ளங்கையிலும் கிழிசல். மூச்சு வாங்கியது, வாயிலிருந்த குழாய் போதவில்லை, பிடுங்கிவிட்டார். 10:17 வாக்கில் வாயைத் தாண்டியிருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் எங்கள் படகைப் பார்த்தாராம். ஒரு கையைத் தூக்கினாராம். நாங்கள் அப்போது சிலிண்டர்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தோம். வெளிக்கடல் பக்கம் முகம், வாய்ப் பக்கம் முதுகு.

இளைஞர் சற்று முன்னதாகவே நிமிர்ந்திருக்கிறார். எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில், திட்டின் ஆழமற்ற விளிம்பை நோக்கிப் போய், மார்பளவுத் தண்ணீரில் காலூன்றி விசில் ஊதினார். கேட்டால், "எதிர்ல போனா முடியாதுன்னு தோணுச்சு, சைடுல தரை தெரிஞ்சுது" என்கிறார். கணவர் மிதவைக் கயிற்றை விடாமல் பிடித்திருந்தார். 10:22க்கு இன்ஜினை அணைத்தபோதுதான் விசில் சத்தம் எங்களுக்கு எட்டியது. உள்ளே போய்க் கணவரிடம் கேட்டு, அவர் வாயை நோக்கிக் கை காட்டி, மறுபடி வெளியே வந்து தேடி, 10:31.

ஒரு தலை. அவ்வளவுதான் தெரிந்தது. நெடிய அலை ஏறி இறங்கும் கடலில் ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுக்கு இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் இல்லை. படகோட்டிதான் கண்டான். மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். அலறல் இல்லை, கை கால் உதறல் இல்லை. தலைமேல் முஷ்டி வைத்து நலமா என்று கேட்டேன். என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை நிதானம் என்று எடுத்துக்கொண்டு, "அம்மா நல்லா இருக்காங்க" என்று கணவரிடம் திரும்பிச் சொன்னேன். பக்கத்தில் போனபோதுதான் மூச்சின் சத்தம் கேட்டது. கொதிக்கும் உலை மூடிக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு களகளப்பு.

படகில் படுக்க வைக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் உடம்புக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ஆக்சிஜன் சிலிண்டர் படகில் இருந்தது. முகமூடி வைத்து, உட்கார்ந்த நிலையிலேயே சாய்த்துப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓட்டினோம்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

ஓதம் ஏறும் நேரத்தில் வாய் எப்படி வெளியே கக்கியது? எனக்கு இரண்டு வாரம் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இது. விடை எளியது, பழையதும்கூட. 1946ல் அணுகுண்டுச் சோதனைக்கு முன்பாகப் பிகினி பவளத்தீவை அளந்த கடலியலாளர்கள் இதைத்தான் கண்டார்கள்: காற்றுமுகத் திட்டின்மேல் உடையும் அலைகள் தண்ணீரைத் திட்டைத் தாண்டி லகூனுக்குள் இறைத்துக்கொண்டே இருக்கின்றன. வால்டர் மங்க் போன்றவர்கள் அதைக் கணக்கிட்டும் காட்டினார்கள்.

ஏரியாக நினைத்துப் பாருங்கள். தெற்குக் கரையும் மேற்குக் கரையும் தாழ்ந்து கிடக்கின்றன, அலைக்கு அலை வெளியிலிருந்து தண்ணீர் கரையைத் தாண்டி உள்ளே விழுகிறது. மதகு ஒன்றே ஒன்று, வடக்கே. உள்ளே விழுந்த தண்ணீர் வேறெங்கே போகும்?

அன்றைய கணக்கைக் கையால் போட்டேன். துல்லியம் கேட்காதீர்கள், அளவு புரிந்தால் போதும். 4.5 சதுர கிலோமீட்டர் லகூன் ஆறு மணி நேரத்தில் 0.8 மீட்டர் உயர, நொடிக்குச் சராசரியாக 170 கன மீட்டர் தேவை. அலை அடங்கிய நாளில் திட்டைத் தாண்டி 100 கன மீட்டர்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டால், மீதி 70 வாய்வழியாக உள்ளே வந்தாக வேண்டும். அட்டவணை சொல்வது அந்த நாளைத்தான். இப்போது 2.5 கிலோமீட்டர் திட்டுமுகட்டில் 0.8 மீட்டர் ஆழத் தண்ணீர் நொடிக்கு வெறும் 30 சென்டிமீட்டர் வேகத்தில் உள்ளே நடக்கட்டும். 600 கன மீட்டர். லகூன் தன் பங்கு 170ஐக் குடித்துவிட்டு 430ஐ வாய்வழியே வெளியே தள்ளும். 80க்கு 8 மீட்டர் திறப்பில் அது நொடிக்கு 0.67 மீட்டர், ஏறத்தாழ 1.3 நாட். ஃபின் போட்ட சாதாரண ஆள் விடாமல் நீந்தக்கூடிய வேகம் அதைவிடக் குறைவுதான். இன்னொரு வில்லங்கம்: ஓதம் ஏற ஏறத் திட்டின்மேல் தண்ணீர் ஆழமாகும், அலை இன்னும் சுலபமாக இறைக்கும். நான் பாதுகாப்பு என்று நம்பிக் காத்திருந்த ஏற்றமே மதகைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது.

அந்த அம்மா எதையும் உணராமல் மிதந்து வந்த நேரமும் இதே கணக்கில் வருகிறது. 430 கன மீட்டரும் நாலு மீட்டர் ஆழத்தில் அரைவட்டமாக வாயை நோக்கிக் குவிகிறது. 250 மீட்டர் தள்ளி அதன் வேகம் நொடிக்கு 14 சென்டிமீட்டர். கிளிமீன் பின்னால் மிதக்கும் ஒருவருக்குச் சுகம் மட்டுமே தெரியும். அங்கிருந்து வாய்க்கு 100 மீட்டர் தொலைவு வரை மிதந்து வர ஏறத்தாழ 13 நிமிடம் ஆகும். அடுத்த 60 மீட்டருக்கு இரண்டே நிமிடம். புனலில் விட்ட இலை எப்படிச் சுற்றும் என்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நிமிர்ந்து பார்த்து, அபாயம் என்று உணரும் இடம் பெரும்பாலும் திரும்ப முடியாத கோட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

அலை எங்கிருந்து வந்தது? முந்தைய வாரம் வானிலைச் செயலியில் அலை உயரம் 1 மீட்டர், அலை இடைவெளி 7 நொடி. அன்று 1.2 மீட்டர், 16 நொடி. நான் உயரத்தைப் பார்த்தேன். இருபது சென்டிமீட்டரில் என்ன இருக்கிறது! இடைவெளியைப் பார்க்கவில்லை. அலை சுமந்துவரும் ஆற்றல் உயரத்தின் இருமடிப் பெருக்கத்தோடு இடைவெளியைப் பெருக்கினால் கிடைப்பதற்கு ஏற்ப மாறும். முன்னது 7 என்றால் பின்னது 23. மூன்று மடங்குக்கு மேல். பதினாறு நொடி அலை, தொலைவில் எங்கோ அடித்த புயலின் கடிதம். அதன் ஆற்றல் நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீட்டர் கடக்கும். வந்து சேரும்போது நம் தலைமேல் மேகம்கூட இருக்காது. ஆழ்கடலில் படகுக்கு அடியில் வருடிவிட்டுப் போகும். திட்டில் வந்து முட்டும்போதுதான் எழுந்து நிற்கும்.

உண்மையில் எனக்குச் செய்தி வந்திருந்தது. அதிகாலை மூன்று மணிக்கு விழித்தபோது தெற்கே திட்டு இரைந்துகொண்டிருந்தது. இடைவெளி விட்டு விட்டு, லாரி சரளை கொட்டுவதுபோல். புரண்டு படுத்தேன்.

நுரையீரலில் இருந்த தண்ணீர்

உப்புநீர் குடித்துவிட்டார் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னார்: "இதுல பெரும்பகுதி கடல் தண்ணி இல்லீங்க. அவங்க ரத்தத்துல இருந்தே நுரையீரலுக்குள்ள கசிஞ்சிருக்கு." நீரில் மூழ்கியிருக்கும்போது வரும் நுரையீரல் வீக்கம். ஸ்கூபாக்காரர்களுக்கும் நெடுந்தூர நீச்சல்காரர்களுக்கும் வருவது பல்லாண்டுகளாகத் தெரியும். ஸ்நார்கெல் செய்பவர்களுக்கும் வரும் என்பது ஹவாயில் நடந்த ஆய்வுக்குப் பிறகு அதிகம் பேசப்படுகிறது. அங்கே சுற்றுலா வந்தவர்கள் விபத்தில் இறப்பதில் மூழ்குதலே முதல் காரணம், அதிலும் ஸ்நார்கெல் முன்வரிசையில்.

தண்ணீருக்குள் போன உடம்பில் கால்களிலும் வயிற்றிலும் இருக்கும் ரத்தம் மார்புக்கு ஏறுகிறது, அரை லிட்டருக்கு மேல். நுரையீரல் நாளங்கள் புடைக்கின்றன. அதே நேரம் நெஞ்சு நீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் இருக்க, வாய் குழாய்வழியே மேலிருக்கும் காற்றை இழுக்கிறது. ஒவ்வொரு மூச்சும் உறிஞ்சுகுழலில் கெட்டிப் பானத்தை இழுப்பதுபோல் உள்ளே ஒரு உறிஞ்சு விசையை உண்டாக்குகிறது. மூச்சு வாங்க வாங்க, குழாய் குறுகலாக இருக்க இருக்க, விசை கூடும். ரத்த அழுத்தம் ஏற்கெனவே அதிகம் உள்ளவர், எதிர்நீச்சல் போட்டு இதயம் திணறும்போது, நாளச்சுவர் தாங்காமல் நீர் கசியத் தொடங்கலாம். அந்த அம்மா ஆறு ஆண்டுகளாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார். நாங்கள் கேட்டது காலணி அளவு.

இந்தக் கோளாறு வந்தவர் கூச்சல் போடுவதில்லை என்பதைத்தான் நான் மற்ற வழிகாட்டிகளிடம் மறுபடி மறுபடி சொல்கிறேன். கத்துவதற்குக் காற்று வேண்டும். கை ஓய்ந்துபோகும், கண் நம்மையே பார்க்கும், சைகைக்குப் பதில் வராது. இப்படி ஒருவர் இருந்தால் நீரைவிட்டு எடுத்து, உட்கார வைத்து, ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். படுக்க வைத்தால் கசிவு மேலும் மூச்சை அடைக்கும். அன்று அவர் என் கையைத் தள்ளியது என் அதிர்ஷ்டம்.

முடிவாகாத ஒரு விவாதம்

வாய் இழுக்கும்போது என்ன செய்வது என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. இளைஞர் செய்ததுபோல் பக்கவாட்டில் போ என்கிறது ஒன்று. இழுப்போடு வெளியே போய், மிதந்து, காத்திரு என்கிறது மற்றொன்று. வாய்க்கு உட்புறம், பக்கத்தில் ஆழமற்ற தரை தெரியும்வரை முதல் கட்சிதான் சரி. வாய்க்குள் நுழைந்துவிட்டால் நான் இரண்டாவது கட்சி. அந்த இடத்தில் பக்கவாட்டில் போனால், வெளியே வரும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதி உடையும் மூலையில், பவளத்தின்மேல் கொண்டுபோய் அறையும். வெளியே போன ஓட்டம் சில நூறு மீட்டரில் விரிந்து சோர்ந்துவிடும். அந்த அம்மா அங்கே நின்றதே அதற்குச் சான்று. ஆனால் காத்திரு என்று சொல்ல மிதவைச் சட்டையும் விசிலும் இருக்க வேண்டும், தேடி வர ஒருவர் இருக்க வேண்டும். பலகைக்குக் கீழே கிடந்த சட்டையை வைத்துக்கொண்டு இந்த உபதேசத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கழுத்து உறுத்துகிறது என்று திருப்பிக் கொடுத்தால் இப்போது இறங்க விடுவதில்லை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். உட்காரட்டும்.

மாற்றியவை

ஸ்கூபாவும் ஸ்நார்கெலும் ஒரே படகில் போனால் ஸ்நார்கெல் குழுவுக்கென்று தண்ணீரிலேயே ஒரு ஆள், மிதவைப் பலகையோடு. ஆள் இல்லையென்றால் இரண்டில் ஒன்று நடக்காது. மருத்துவக் கேள்விகள் இருவருக்கும் ஒன்றே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஸ்நார்கெல் செய்பவர்களிடமும் உடல்நிலை கேட்டு, ஆபத்து கூடுதலானவர்களுக்கு மிதவையும் தனி அடையாளமும் கொடுத்துக் கண்காணிக்க வேண்டும் என்று நெறிமுறையே இருக்கிறது. நாங்கள் அதைப் பார்த்து எங்கள் தாளைத் திருத்திக்கொண்டோம். மிதவையை வாயிலிருந்து 600 மீட்டர் உள்ளே நகர்த்தினோம். குன்றுகள் அங்கே அவ்வளவு அழகில்லை.

செயலியில் அலை இடைவெளி 12 நொடியைத் தாண்டினால் வாய்ப்பக்கம் ஸ்நார்கெல் கிடையாது. 12 என்பது எங்கள் திட்டுக்கு நாங்கள் வைத்துக்கொண்ட எண். இன்னொரு திட்டுக்கு வேறாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இறங்குமுன் ஊறிய தென்னை மட்டைத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் போடுகிறோம். முக்கால்வாசி முழுகி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது, நீர்தான் தள்ளும். ஐந்து நிமிடம் பார்ப்போம். போடுவது படகோட்டியின் வேலை, எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வதும் அவன் வேலை. அவன் வெளியே என்றால் வெளியேதான். அட்டவணை என் பைக்குள் இருக்கும்.

கடைசியாகப் பதிவேடு. 1998ல் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் இரண்டு டைவர்களைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு திரும்பிய சம்பவத்துக்குப் பிறகு, தலை எண்ணிக்கையை எழுதி வைப்பது குயின்ஸ்லாந்தில் கடுமையாக்கப்பட்டது. எங்களிடமும் ஒரு நோட்டு உண்டு, தவறாமல் எழுதுவேன். ஆய்வுக்காக அன்றைய பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்துதான், நீலப் பேனா, நேரம்கூடச் சரியாக இருந்தது. நீரில் இறங்கியவர்கள்: 4. திரும்பியவர்கள்: 4. எல்லாம் சரி என்று பக்கத்தில் ஒரு டிக். அந்த டிக்கை 10:21க்குப் போட்டிருக்கிறேன்.